சிலந்தி மனிதர் ஆறுமுகம்

காற்பந்துத் திடலில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் இறங்குகிறார்கள். அவர்களில் பத்துப் பேர் தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர் ஓடிவந்து சரிசெய்து விடலாம். ஒருவர் தவறு செய்தால் மட்டும் சரிசெய்ய ஆளில்லை. அவருக்குப் பின்னால் இருப்பது வெறும் வலைதான். அவர்தான் கோல்கீப்பர். 24 அடி அகலம், 8 அடி உயரம் கொண்ட அந்த வாசலை இரண்டு கைகளை மட்டும் நம்பிக் காக்க வேண்டியவர் அவர். நம் நாட்டுக்காகப் பல ஆண்டுகள் அந்த வாசலில் நின்றவர் ஒரு தமிழர். அவர்தான் ரெங்கசாமி ஆறுமுகம். ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்', அதாவது சிலந்தி மனிதர் என்று அழைத்தார்கள்.

ஆறுமுகம் 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் சிலாங்கூரின் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். அன்று அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-க்குப் பிறகுதான் அது போர்ட் கிள்ளான் ஆனது. நம் பாட்டன், முப்பாட்டன்மார் பலர் கப்பலை விட்டு இறங்கி இந்த மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அதுதான். அங்கிருந்து பிரிந்து போய்த்தான் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ பேர் பால்மரம் சீவினார்கள். அப்படிப்பட்ட துறைமுகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து நின்றது நமக்கெல்லாம் சொந்தமான பெருமை.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் நீண்ட கைகள். கம்பத்தின் ஓரமாகப் போகிற பந்தைக்கூட எட்டித் தட்டிவிடுவார். ஆனால் மாணவமணிகளே, கை நீளமாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? கை நீளமான ஆள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு. பந்து எந்தக் காலிலிருந்து எந்தப் பக்கம் வரும் என்று உதைபடும் முன்னே கணிக்க வேண்டும். இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றால் எதிராளிக்குத் தெரிகிற வாசல் சுருங்கும். கூடுதலாக ஓர் எட்டு வந்துவிட்டாலோ தலைக்கு மேலே பந்து போய்விடும். தொண்ணூறு நிமிடத்தில் எண்பத்தைந்து நிமிடம் சும்மா நின்றாலும், மிச்ச ஐந்து நிமிடத்துக்காக முழு நேரமும் விழித்திருக்க வேண்டும். இதெல்லாம் நாள்தோறும் விழுந்து எழுந்து பழகிய பழக்கத்தால் வருவது.

1970-களில் சிலாங்கூர் குழு என்றாலே மற்ற மாநிலங்களுக்கு ஒரு நடுக்கம் இருந்தது. 1975, 1976, 1978, 1979, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கே போனது. முன்னால் கோல் அடிக்க மொக்தார் தஹாரி, நடுவில் தடுக்க சோ சின் ஆன், சந்தோக் சிங், கடைசி வாசலில் ஆறுமுகம். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். மேடையில் நாம் ஒற்றுமை என்று பேசுகிறோமே, அதை இவர்கள் புல்தரையில் செய்து காட்டினார்கள். இவர்களில் சோ சின் ஆன் நம் மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்தவர் என்பதை நம் மாநிலத்துப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

நாட்டுக் குழுவிலும் ஆறுமுகத்தின் பெயர் நிலைத்தது. 1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா காற்பந்தில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. இந்த வெற்றிகளில் எல்லாம் ஆறுமுகத்துக்குப் பங்கு உண்டு.

அடுத்து வந்தது 1980. அந்த ஆண்டு மாஸ்கோவில் ஒலிம்பிக் போட்டி. அதற்குத் தகுதிபெறும் காற்பந்து ஆட்டங்கள் கோலாலம்பூரில் நடந்தன. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய நாடுகள் நம்மோடு மோதின. ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் மலேசியாவிடம் தோற்ற கோபத்தோடு வந்த குழு அது. ஆட்டம் 1-1 என்று நின்றபோது நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் சபாவைச் சேர்ந்த ஹசான் சானி கொடுத்த பந்தை, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டது!

1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா காற்பந்து ஆடியிருக்கிறது. அப்போது ஆறுமுகம் குழுவில் இல்லை. ஆகவே அவருக்கு இதுதான் முதல் ஒலிம்பிக்.

ஆனால் அவர் போகவில்லை. குழுவில் யாருமே போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. அதைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் போகாமல் நின்றுவிட்டன. அவற்றில் மலேசியாவும் ஒன்று. ஜூலை 19-ஆம் நாள் மாஸ்கோவில் போட்டி தொடங்கியபோது நம் ஆட்டக்காரர்கள் சொந்த மண்ணில்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

பெற்றோர்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாடுபட்டுத் தோற்றால் மனசு ஆறிப்போகும். பாடுபட்டு வென்ற பிறகும் பரிசு கைக்கு வராமல் போனால்? அந்த வலி வேறு. நியாய அநியாயத்தை நாடுகள் பேசித் தீர்மானித்தன. ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் இந்த இளைஞர்கள். அதற்காக ஆறுமுகம் கையுறையைக் கழற்றி மூலையில் போட்டுவிடவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் அதே கம்பங்களுக்கு நடுவில் நின்றார், அதே போலப் பாய்ந்தார். 1981-இலும் 1982-இலும் சிலாங்கூருக்குக் கிண்ணம் வந்ததை மேலே சொன்னோமே, அது மாஸ்கோ கைநழுவிப் போன பிறகு வந்ததுதான்.

1988-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் ஒரு கார் விபத்து அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 35. அடுத்த பிறந்தநாளுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. எத்தனையோ பந்துகளைத் தடுத்த கைகளால் அந்த ஒன்றைத் தடுக்க முடியவில்லை. மூன்று ஆண்டுக்குள், 1991-இல், அவருடைய தோழர் மொக்தார் தஹாரியும் நோயால் மறைந்தார். அவருக்கும் வயது 37-தான். ஒரு தலைமுறையே கண் கலங்கியது.

2016-இல் 'ஓலா போலா' என்ற மலேசியப் படம் வந்தது. 1980-ஆம் ஆண்டு வெற்றியை வைத்துப் பின்னிய கதை அது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல்கீப்பரைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஆறுமுகத்தின் ஞாபகம் வந்தது. அவர் ஆடியதைப் பார்த்திராத பிள்ளைகளும் அன்றைக்கு அவரைப் பற்றி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இன்று பரிசளிப்பு நாள். சில பிள்ளைகள் மேடையேறிக் கிண்ணம் வாங்குவார்கள், பல பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். கீழே இருப்பவர்களில் வருஷம் முழுக்க உழைத்த பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கதையை முக்கியமாகச் சொல்கிறோம். தகுதி என்பது வேறு, பரிசு என்பது வேறு. பரிசை யாரோ கொடுக்க வேண்டும், சில நேரம் கொடுக்காமலும் போகலாம். தகுதியை நாமே சம்பாதிக்கிறோம், அதை யாராலும் பிடுங்க முடியாது. ஆறுமுகம் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆனால் மாஸ்கோவுக்குத் தகுதியானவர் அவர் என்பதை நாடு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, சாயங்காலம் பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனால் ஏசி நிறுத்தாதீர்கள். பாடத்தை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் வரச் சொல்லுங்கள். மாணவர்களே, கடைசி வாசலில் நிற்கிற பொறுப்பு உங்களிடம் வந்தால் பின்வாங்காதீர்கள். நம்பிக்கையான ஆளிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள்.