குறுக்கீட்டுக்கு நெறி வகுத்த டைக்ஸ்ட்ரா

எங்கள் அன்னூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு தறியில் ஊடை நூல் அறுந்து தறி நின்றால், கைவேலையை நிறுத்திவிட்டுப் போய் அதைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்தே தம் வேலையைத் தொடர்வார். கணிப்பொறியும் அப்படியே. அதற்கு நெறி வகுத்தோருள் முன்னவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

1930 மே 11 அன்று ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். லெய்டனில் இயற்பியல் பயிலும்போதே, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரல் எழுதும் பணியேற்றார். 1957இல் திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரலாளர் என்றார். அப்படியொரு தொழிலே இல்லையென்று அலுவலகம் மறுத்தது; இயற்பியலாளர் என்றே பதிவாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோர்க்கு, படிப்பின் பெயரை உறவினர்க்கு விளக்கும் பாடு தெரியும்!

அந்நாளில் தட்டச்சுக் கருவி ஓர் எழுத்தை அச்சிடும்வரை கணிப்பொறி வீணே காத்துநிற்கும். எக்ஸ்-1 என்னும் புதுப் பொறியை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் இதை மாற்ற விழைந்தனர். வேலை முடிந்ததும் கருவி சைகை தரும்; பொறி நடக்கும் கணக்கை நிறுத்தி அதைக் கவனிக்கும். இதுவே குறுக்கீடு.

டைக்ஸ்ட்ரா அஞ்சினார். சைகை எக்கணத்தில் வருமென்று எவருக்கும் தெரியாது. ஒருமுறை தோன்றிய பிழை மறுமுறை தோன்றாமலே போகலாம். சோதனையால் மட்டும் அதைப் பிடிக்க இயலாது. ஆகவே, எப்போது குறுக்கிட்டாலும் கணக்கு கெடாது என்பதைத் தருக்கத்தால் நிறுவ முனைந்தார். அடுத்த கட்டளையின் முகவரியையும் பதிவகங்களிலுள்ள எண்களையும் பத்திரப்படுத்தவேண்டும். கருவியைக் கவனித்தபின் அவற்றை அப்படியே திருப்பி வைக்கவேண்டும். இவ்வேலையே 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாயிற்று.

1968இல், ஐண்ட்ஹோவன் நகரில் தம் குழுவினருடன் உருவாக்கிய இயக்குதளத்தைப் பற்றி எழுதினார். அதில் கடிகாரக் குறுக்கீட்டை அடித்தளமே ஏற்றுக்கொள்ளும். மேலடுக்குகள் அதை அறியவே வேண்டியதில்லை. பல பணிகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க அவர் அமைத்த ஏற்பாட்டுக்கு ரயில் கைகாட்டியின் பெயராகிய செமஃபோர் என்பதையே சூட்டினார். 1972இல் டூரிங் விருது பெற்று, 2002 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார்.

இன்று நம் கைப்பேசித் திரையில் விரல் பட்டவுடன் அதன் கெர்னல் செய்வதும் இதையே: நிறுத்து, குறித்துவை, கவனி, திரும்பு.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் நிரல் ஒருமுறை ஓடிவிட்டால் போதுமென்று நாம் எழுந்துவிடுகிறோம். ஓடியது என்பது வேறு; எந்நிலையிலும் ஓடும் என்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தம் இருபத்தேழாம் அகவையிலேயே உணர்ந்து அஞ்சியவர் அவர். அந்த அச்சம் நமக்கும் வேண்டும்.