கம்பி இல்லாமல் மணி அடித்தவர்

1895-ம் ஆண்டு. கல்கத்தா நகர மண்டபத்தில் நல்ல கூட்டம். வங்காள லெப்டினன்ட் கவர்னரும் வந்திருந்தார்.

ஒரு பேராசிரியர் சிறு கருவியை இயக்கினார். சுமார் 75 அடி தூரத்தில், வேறு அறையில் மணி அடித்தது! வெடிமருந்து "டமார்" என்று வெடித்தது!

நடுவே சுவர்கள் இருந்தன. கம்பி மட்டும் இல்லை.

அந்தப் பேராசிரியர்தான் ஜகதீச சந்திர போஸ்.

கயிறும் அலையும்

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவர் கயிற்றோடு கடலுக்குள் இறங்குவார். மூச்சு முட்டியதும் கயிற்றை ஆட்டுவார். தோணியில் இருப்பவர் புரிந்துகொண்டு மேலே இழுத்துவிடுவார்.

கயிறு இல்லாவிட்டால் சேதி இல்லை. தந்தியும் அப்படித்தான். கம்பி அறுந்தால் பேச்சு நின்றது. கயிறே இல்லாமல் சேதி போகும் என்று போஸ் காட்டினார்.

மீனவர் மகனோடு

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே போசுக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் சேவகரின் மகன். மறு பக்கம் மீனவர் மகன். பறவை, மீன் பற்றிய கதைகளை அவர்களிடம்தான் கேட்டார். இயற்கை மீது ஆசை பிறந்தது அந்த பெஞ்சில்!

பிறகு லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

தொடாத சம்பளம்

அங்கே வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம். அதே பாடம் நடத்தும் இந்தியருக்குக் குறைந்த சம்பளம்.

போஸ் சண்டை போடவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. 3 ஆண்டுகள் பாடம் நடத்தினார்; சம்பளத்தை மட்டும் தொடவில்லை! குடும்பத்திலோ கடன். 1887-ல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா, சென்னையில் மருத்துவம் படித்தவர். கஷ்டத்தைக் கணவரோடு பகிர்ந்துகொண்டார்.

கடைசியில் அரசாங்கம் பணிந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. தந்தையின் கடனை அடைத்தார்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். ஜெர்மனி விஞ்ஞானி ஹெர்ட்ஸ் உண்டாக்கிய மின் அலைகள் அடிக்கணக்கில் நீளமானவை. போஸ் 5 மில்லிமீட்டர் அலையை உண்டாக்கினார்! ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடு வைத்தும் சோதித்தார். புத்தகத்தை ஒரு விதமாகப் பிடித்தால் அலை கடந்தது. திருப்பிப் பிடித்தால் நின்றது.

வீட்டுக்குள் வந்த அலை

இன்று தூத்துக்குடியில் ஒரு வீட்டைப் பாருங்கள். தெருவிலிருந்து கேபிள் வந்து, "ரவுட்டர்" என்ற சிறு பெட்டியில் சேருகிறது. அங்கிருந்து மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பி போகிறது. செல்போனுக்குக் கம்பி இல்லை; அலைதான். இதற்குப் பெயர் "வைஃபை". அலையின் நீளம் பெரும்பாலும் 12 அல்லது 6 சென்டிமீட்டர்.

அலை குட்டையானால் சுவரைத் தாண்டத் திணறும். அதனால்தான் பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் பாவம், அலை என்ன செய்யும்? ஒரே அறைக்குள் வேகமாகச் சேதி அனுப்ப 5 மில்லிமீட்டர் அலையைப் பயன்படுத்தும் ரவுட்டர்களும் வந்துவிட்டன.

வேண்டாம் என்ற பணம்

1901-ல் போஸ் லண்டனில் இருந்தார். தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் தேடி வந்தார். கண்டுபிடிப்புக்கு உரிமை எடுத்தால் பெரும் பணம் என்றார். போஸ் மறுத்துவிட்டார். பணத்தின் பின்னால் ஓடத் தொடங்கினால் மீள முடியாது என்று அஞ்சினார். நண்பர் தாகூருக்கு இதை எழுதினார்.

ஆனாலும் நண்பர்கள் விடவில்லை. அலையை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் 1904-ல் உரிமை கிடைத்தது. போஸ் அதை வைத்துப் பணம் சேர்க்கவில்லை.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சேதி பெற்றார். 1909-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். போசின் புகழை அவர் திருடிவிட்டதாகச் சிலர் சொல்வது சரியல்ல. கடல் தாண்டும் வேலையை மார்க்கோனி செய்தார். போசின் மனமோ அதற்குள் செடி கொடிகளின் பக்கம் போய்விட்டது.

1917-ல், தமது 59-வது பிறந்த நாளில், கல்கத்தாவில் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிடியில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.