கரன்ட் பில் விசாரிக்கும் வரிப் படிவம்: இரண்டு முறை ராஜினாமா செய்த நிதியமைச்சர் டிடிகே-யின் கதை

ஜூலை மாசக் கடைசி வாரம். ராத்திரி பதினொரு மணி. ஃபார்ம் 16 ஒரு டேபில், வருமான வரி போர்ட்டல் இன்னொரு டேபில். ஓடிபி வர மாட்டேங்குது. ஒருவழியாக உள்ளே போனால் படிவம் உங்களிடம் சில விநோதமான கேள்விகளைக் கேட்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தீர்களா? வருஷத்துக்கு மின்சாரக் கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியதா? சம்பாத்தியத்துக்குத்தானே வரி, செலவைப் பற்றி இவங்களுக்கு என்ன கேள்வி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், இந்த அளவுக்குச் செலவு செய்தவர்கள் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்கிறது சட்டம்.

ஒருவருடைய செலவைப் பார்த்து அவரை எடைபோடும் இந்த யோசனையை இந்திய வரிச் சட்டத்துக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஒரு மதராஸ்காரர். உங்கள் வீட்டில் பிரெஸ்டீஜ் குக்கர் இருந்தால் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். டி.டி.கிருஷ்ணமாச்சாரி, சுருக்கமாக டிடிகே. ஊரையே கணக்குக் காட்டச் சொன்ன இவர், தன் அமைச்சகத்தில் நடந்த ஒரு பங்குக் கொள்முதலுக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் பதவியை இழந்தவர். அதுவும் ஒன்பதே மாதத்தில்.

சோப்பு ஏஜென்சியிலிருந்து அரசியலமைப்பு வரை

1899 நவம்பரில் சென்னையில் பிறந்தார். அப்பா டி.டி.ரங்காச்சாரி உயர் நீதிமன்ற நீதிபதி. மகன் சட்டத்தின் பக்கம் போகவில்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, 1928-ல் ஏஜென்சி வியாபாரம் தொடங்கினார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் சோப்பு, சாக்லேட் போன்ற சரக்குகளைத் தென்னிந்தியா முழுக்கக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சரக்கு எங்கே தேங்குகிறது, பணம் எங்கே முடங்குகிறது என்று பார்க்கிற கண் அங்கே கிடைத்தது. பிற்காலத்தில் நிதியமைச்சகக் கோப்புகளையும் அதே கண்ணால்தான் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

சுயேச்சையாக மதராஸ் சட்டமன்றத்துக்குப் போனார், பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். வியாபாரம் குடும்பத்தின் கைக்குப் போனது. அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழு உறுப்பினர் ஒருவர் இறந்துவிட, அந்த இடத்துக்கு டிடிகே வந்தார். ஏழு பேர் கொண்ட குழுவில் பலர் பல காரணங்களால் ஒதுங்கிவிட்டதையும், பாரம் முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்ததையும் சபையிலேயே எழுந்து பதிவு செய்தவர் இவர்தான். தென்னிந்தியர்கள் மீது இந்தியைத் திணித்தால் விளைவு மோசமாகும் என்று எச்சரித்தவரும் இவரே. நாக்கு கொஞ்சம் நீளம் என்று டெல்லியில் பெயர் வாங்கியவர். அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1952-ல் வர்த்தக, தொழில் அமைச்சர். 1956 ஆகஸ்ட் கடைசியில், சி.டி.தேஷ்முக் விலகிய இடத்தில் நிதியமைச்சர். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. உருக்காலைகள் வேண்டும், அணைகள் வேண்டும். கையிருந்த அந்நியச் செலாவணியோ கரைந்துகொண்டிருந்தது.

கால்டர் கொடுத்த மருந்து

இந்த இடத்தில் ஒரு கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கதைக்குள் வருகிறார். பெயர் நிக்கோலஸ் கால்டர். 1956-ன் தொடக்கத்தில் இந்திய அரசின் அழைப்பில் வந்து, வரி அமைப்பை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அவர் வாதம் எளிமையானது. வருமான வரி விகிதத்தைத் தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், அதனால் பணக்காரர்கள் வருமானத்தை மறைக்கிறார்கள். விகிதத்தை 45 சதவீதத்துக்குக் குறையுங்கள். கூடவே மூலதன ஆதாயம், சொத்து, செலவு, பரிசு என நான்குக்கும் வரி போடுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் ஒரே ரிட்டர்னில் சொல்ல வேண்டும். வருமானத்தை மறைத்தால் சொத்தில் தெரியும். சொத்தை மறைத்தால் செலவில் தெரியும். பரிசாகக் கொடுத்தால் வாங்கியவர் கணக்கில் தெரியும். ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்கும்.

இன்றைக்கு நீங்கள் போர்ட்டலில் ஏஐஎஸ் என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். வட்டி, பங்கு விற்பனை, மியூச்சுவல் ஃபண்ட், டிவிடெண்ட் எல்லாம் வரிசையாக இருக்கும். நான் மறந்தே போயிருந்த ஒரு பழைய சேமிப்புக் கணக்கின் சில நூறு ரூபாய் வட்டியை அதுதான் எனக்கு ஞாபகப்படுத்தியது. கால்டர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அவர் கேட்ட வருஷத்தில் கம்ப்யூட்டர் இல்லை, பான் எண்ணும் இல்லை.

டிடிகே மருந்தை எடுத்துக்கொண்டார், முழு டோஸ் அல்ல. 1957 மே 15 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. தனிநபருக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் நிகரச் சொத்து இருந்தால் வரி. வரி போக 36,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள், வீட்டுச் செலவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சாதாரண சம்பளக்காரருக்கும் ஒரு அடி விழுந்தது. வருமான வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 4,200 ரூபாயிலிருந்து 3,000 ஆக இறங்கியது. அதுவரை ரிட்டர்ன் என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ குமாஸ்தாக்கள் முதல் முறையாகப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். அணா போய் நயா பைசா வந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத சமயம் அது. பழைய காசையும் புதுக் காசையும் மாற்றிப் போட்டுக் கணக்குப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்!

மேல்தட்டு வரி விகிதம் குறைந்தது, ஆனால் கால்டர் சொன்ன 45 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. உழைத்துச் சம்பாதித்த வருமானத்துக்கே உச்சத்தில் 77 சதவீதம் நின்றது. கசப்பு மாத்திரைகளை எல்லாம் கொடுத்துவிட்டு, சர்க்கரையில் மட்டும் கை வைத்த மாதிரி. செலவு வரி தோற்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. 1962-ல் மொரார்ஜி தேசாய் அதை நீக்கினார்.

ஆறு கம்பெனிகள், ஒரு விசாரணை

இப்போது மறுபக்கம். 1956-ல் 245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி எல்ஐசி உருவானது. தனியார் முதலாளிகள் பாலிசிதாரர்களின் பணத்தில் விளையாடுகிறார்கள் என்பதுதான் தேசியமயமாக்கத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். டிடிகே பட்ஜெட் போட்ட அடுத்த மாதம், 1957 ஜூனில், அதே எல்ஐசி கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. எல்ஐசியின் சொந்த முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவே இல்லை. பேச்சு தொடங்கி முடிவதற்குச் சில நாட்கள்தான் ஆயின.

பிடித்தது எதிர்க்கட்சி அல்ல. காங்கிரஸ் எம்.பி., அதுவும் பிரதமர் நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. 1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் தேதி, விலை, கம்பெனி என்று புள்ளிவிவரங்களை அடுக்கினார். டேட்டாவை வைத்துப் பிழைக்கிற எனக்கு, சபையில் நிகழ்த்தப்பட்ட மிகச் சிறந்த ஆய்வுச் செய்திகளில் ஒன்றாகவே அந்தப் பேச்சு தோன்றுகிறது.

நேரு விசாரணைக்கு ஒப்புக்கொண்டார். 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தனி ஆளாக ஆணையத்தை நடத்தினார். இன்றைய ஆணையங்களின் வேகத்துக்குப் பழகிப்போன உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்: விசாரணை வெளிப்படையாக நடந்தது, கூட்டம் அலைமோதியதால் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள், பிப்ரவரி 10-ம் தேதி அறிக்கை தயார். மொத்தமே ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம்.

விசாரணையின் மையத்தில் ஒரே கேள்விதான் நின்றது. வாங்கச் சொன்னது யார்? நிதித்துறைச் செயலர் எச்.எம்.படேல், அமைச்சரின் சம்மதத்தோடுதான் நடந்தது என்றார். டிடிகே, தான் அப்படி ஒப்புதல் தரவில்லை என்றார். அமைச்சர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் எதுவும் இல்லை. கல்கத்தா பங்குச் சந்தையைத் தூக்கி நிறுத்தவே வாங்கினோம் என்ற விளக்கத்தை சாக்ளா ஏற்கவில்லை. அமைச்சர் நேரடியாக உத்தரவிட்டாரா இல்லையா என்பதைவிட, செயலர் செய்ததற்கு அமைச்சரே அரசியலமைப்பின்படி பொறுப்பு, கீழே இருப்பவர் மீது பழியைத் தள்ளிவிட்டு நகர முடியாது என்பதே அவர் முடிவு.

டிடிகே தனிப்பட்ட முறையில் பணம் பார்த்தார் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அவரைப் பற்றி இன்று பேசும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதே பிப்ரவரியில் ராஜினாமா ஏற்கப்பட்டது. அதையடுத்து வந்த பட்ஜெட்டை நேருவே படித்தார். கால்டர் பட்டியலில் மிச்சமிருந்த பரிசு வரி அதில்தான் அறிமுகமானது. முந்த்ரா சிறைக்குப் போனார். படேலோ 1977-ல் ஜனதா அரசில் நிதியமைச்சராகவே வந்து உட்கார்ந்தார். அரசியலில் இதெல்லாம் நடக்கும்.

மீண்டும் அதே நாற்காலி

1962-ல் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்வாகி டிடிகே டெல்லி திரும்பினார். காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி விலக, 1963 ஆகஸ்டில் பழைய நாற்காலி மறுபடி கிடைத்தது. முதல் வேலைகளில் ஒன்றாக, செத்துப்போன செலவு வரியை 1964-ல் உயிர்ப்பித்தார். மனுஷன் விடவில்லை! அதே ஆண்டு யூனிட் டிரஸ்ட் தொடங்கியது. உங்கள் எஸ்ஐபி-க்கு அது கொள்ளுத்தாத்தா முறை. ஐடிபிஐ வந்ததும் அதே ஆண்டுதான்.

கறுப்புப் பணத்தை ஒப்புக்கொண்டு 60 சதவீதம் கட்டினால் மீதி 40 உங்களுக்கு என்று 1965-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். சுமார் 52 கோடி ரூபாய் வெளியே வந்தது. தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் திட்டங்கள் அதற்குப் பிறகு எத்தனையோ முறை வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வரி கட்டினவங்க முட்டாளா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அந்த வருஷக் கடைசியில் அவர் மீதே புகார். மகன்களின் வியாபாரத்துக்கு அவர் பதவியால் ஆதாயம் கிடைத்தது என்று எம்.பி.க்கள் சிலர் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் மனு கொடுத்தார்கள். புகாரைப் பிரதமரே நிராகரிக்க வேண்டும் என்று டிடிகே எதிர்பார்த்தார். சாஸ்திரியோ நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்றார். சாக்ளாவின் ஒலிபெருக்கிகளை ஒருமுறை பார்த்தவர் இன்னொரு விசாரணைக்குத் தயாராக இல்லை. 1965 டிசம்பர் 31 அன்று விலகினார். பதினோராவது நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார். டிடிகே பிறகு மத்திய அமைச்சராகவே இல்லை.

செலவு வரி 1966-ல் இரண்டாவது முறையாக நீங்கியது. பரிசு வரி 1998 வரை, சொத்து வரி 2015 பட்ஜெட் வரை தாக்குப்பிடித்தன. சொத்து வரி போன கையோடு, வருமானம் அதிகம் உள்ளவர்கள் வீடு, நகை, கடன் எல்லாவற்றையும் ரிட்டர்னிலேயே பட்டியலிட வேண்டும் என்று ஒரு அட்டவணை சேர்ந்தது. முதலில் 50 லட்சம் என்றிருந்த அதன் வரம்பு இப்போது 1 கோடி. அந்த அளவுக்கு நீங்கள் சம்பாதிக்கவில்லை என்றால், கரன்ட் பில் கேள்வியோடு தப்பித்துவிடுவீர்கள்.

டிடிகே 1974 மார்ச்சில் காலமானார். சென்னையில் மௌப்ரீஸ் ரோடு என்றிருந்த சாலைக்கு இப்போது அவர் பெயர். அதன் முனையில்தான் மியூசிக் அகாடமி, அங்கிருக்கும் அரங்கத்துக்கும் அவர் பெயரே. மார்கழிக் கச்சேரி கேட்கப் போனால், கேன்டீனுக்குப் போகும் அவசரத்தில் பலகையைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.