கீரைச்சத்தும் இரத்தப் புற்றுநோயும்

ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தார். 1923இல் அமெரிக்கா சென்றார்.

அந்நோயைத் தணிக்க உதவும் போலிக் அமிலத்தை 1945இல் அவரது லெடர்லி ஆய்வுக்குழு செயற்கையாக உருவாக்கியது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வேலியோரங்களில் தழைக்கும் முருங்கைக்கீரையிலும் அச்சத்து உண்டு. இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு வேர். இரத்த அணுக்கள் பெருக அது இன்றியமையாதது. ஆனால், பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அவ்வகைச் சத்தை அளித்தபோது, நோய் விரைந்து முற்றுவதாகவே தோன்றியது. உடலை வளர்க்கும் சத்து புற்றணுக்களையும் வளர்த்தது போலும்! அச்சத்தின் வடிவை ஒத்திருந்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்தைச் சுப்பாராவின் குழு ஆக்கி அனுப்பியது. 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அம்முடிவு வெளியாயிற்று. ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் காலமானார். அதே வழியில் பிறந்த மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அளிக்கப்படுகிறது.