விஞ்ஞானப் பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

பெரியோர் வரலாற்றைக் கற்கும்பொழுது அவர் பெற்ற பட்டங்களையும் பரிசுகளையும் எண்ணி வியப்பது நம்மனோர்க்கு இயல்பு. ஆயின், பெரும்பரிசொன்று மிக அணுக்கமாக வந்து அகன்ற பின்னர் ஒருவர் எங்ஙனம் வாழ்ந்தார் என்று நோக்குதல் அதனினும் பயன் தருவதாகும். அங்ஙனம் நோக்குதற்குரிய வாழ்க்கை, தமிழகம் ஈன்ற பௌதிக அறிஞர் ஸர் கே. எஸ். கிருஷ்ணனவர்களுடையது. அவர் கிறிஸ்தவக் கல்லூரிகள் இரண்டில் பயின்றவராதலின், நம் போன்ற மாணவர் அவரை அறிந்திருத்தல் கடமையுமாம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள், இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. தந்தையார் உழவுத்தொழில் உடையவர்; தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். ஆதலின் மொழிச்சுவை மைந்தர்க்கு இளமையிலேயே கைவந்தது. பிறந்த ஊரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயருமுன், நகரின் நடுவே இருந்த காலம் அது.

பட்டம் பெற்ற பின்னர் அக்கல்லூரியின் இரசாயனப் பகுதியிலேயே செய்முறை கற்பிக்கும் துணையாசிரியராக அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்து கூடுவர். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றுள் எதனைப் பற்றியும் எவரும் வினவலாம். அவர் விடை கூறி விளக்குவார். இதன் சுவையைக் கேள்வியுற்றுப் பிற கல்லூரி மாணவரும் நாடி வந்தனர். அஃது எவரும் பணித்த வகுப்பன்று; தேர்விற்கென அமைந்ததும் அன்று. அறிதலில் உள்ள இன்பம் ஒன்றே அவரையும் மாணவரையும் அங்குப் பிணித்தது.

1920-இல் அவர் கல்கத்தாவை அடைந்தார். அங்கு, 1923 முதல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஸி. வி. ராமனவர்களின்கீழ் ஆராய்ச்சி செய்தார். திரவங்களினூடே செல்லும் ஒளி சிதறும்பொழுது, மூல ஒளியில் இல்லாத புதியதொரு நிறம் தோன்றுதலை 1928-இன் தொடக்கத்தில் அவர்கள் கண்டனர். அந்நாள்களில் கருவியின் அருகே நின்று, திரவங்களைத் தூய்மை செய்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தவர் கிருஷ்ணன். அப்புதுமையை நேச்சர் இதழ் வாயிலாக உலகிற்கு உணர்த்திய முதற்குறிப்பு, இருவர் பெயரையும் தாங்கி வந்தது. 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ராமனவர்களுக்கு மட்டும் வழங்கப்பெற்றது.

அப்பொழுது கிருஷ்ணன் எங்கிருந்தார்? 1928-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி ஏற்றுச் சென்றிருந்தார். புதிய ஒளியின் புகழ் திசையெங்கும் பரவிய அந்நாளில், அவர் படிகங்களின் காந்தத்தன்மை என்னும் ஆரவாரமற்ற துறையொன்றைக் கையிலெடுத்தார். அவருடைய அறிவின் ஆழத்தை இத்துறையிலேதான் நாம் தெளியக் காண்கிறோம்.

இதனை விளக்க எம்மூர்த் தொழிலே துணை செய்யும். ஆரணியில் நெய்யும் பட்டுத் துணியைப் பாவின் வழியே இழுத்தால் அஃது எளிதில் நெகிழாது. ஊடையின் வழியே இழுப்பினும் அவ்வாறே. மூலைவாட்டில் இழுத்தாலோ இளகிக் கொடுக்கும். துணி ஒன்றே, இழுக்கும் திசைக்கேற்ப அதன் தன்மை மாறுகிறது. படிகங்களும் இவ்வாறே. அவற்றுள் அணுக்கள் பாவும் ஊடையும் போல ஒழுங்குற அமைந்துள்ளமையால், காந்தத்தை ஒரு திசையில் மிகுதியாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் ஏற்கும், அல்லது விலக்கும். இவ்வேறுபாடு மிக நுண்ணியது. அதனை அளப்பது எங்ஙனம்?

கிருஷ்ணனும் அவருடன் உழைத்த ஆராய்ச்சியாளரும் கண்ட வழி வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. குவார்ட்ஸ் கல்லை உருக்கி இழுத்த மெல்லிய இழையொன்றின் நுனியில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் முனைகளுக்கு இடையே தொங்கவிடுவர். படிகம் தனக்கு இசைந்த திசையில் திரும்பி நிற்கும். பின்னர் இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்குவர். முறுக்கு ஏற ஏற, படிகம் தன் நிலையினின்று மெல்ல விலகும்; ஏறக்குறைய 45 பாகை விலகியதும், தாங்கமாட்டாது சட்டெனச் சுழன்றுவிடும். அதுகாறும் ஏற்றிய முறுக்கின் அளவைக் கொண்டு, இரு திசைகளின் வேறுபாட்டைக் கணக்கிடலாம்.

இதனால் விளைந்த பயன் பெரிது. பட்டுச் சேலை வைக்கும் பெட்டியில் பூச்சி அணுகாதிருக்க நாம் இடும் நாப்தலின் உருண்டையை அறியாதார் இலர். அதன் மூலக்கூறு தகடுபோலத் தட்டையானது. காந்தம் அத்தகட்டிற்குச் செங்குத்தாக வரின், எலெக்ட்ரான்கள் அத்தகட்டின் வளையங்களைச் சுற்றி ஓடி அதனை மிகுதியாக எதிர்க்கும். ஆகவே, தொங்கும் படிகம் எத்திசையில் எவ்வளவு எதிர்க்கிறது என்றறிந்தால், கண்ணிற்குப் புலனாகாத மூலக்கூறுகள் அதனுள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதும் தெளிவாகும். 1933-இல் கல்கத்தாவிற்குப் பேராசிரியராகத் திரும்பிய கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தார். 1937-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றபொழுது, ஷோன்பெர்க் என்னும் இளம் அறிஞர் இம்முறையை அறிந்து, கடுங்குளிரில் உலோகங்களை ஆராய்தற்கு அதனைக் கையாண்டார். 1940-இல் லண்டன் ராயல் ஸொஸைடி கிருஷ்ணனைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை பெற்ற 1947-இல், டில்லியில் அமைந்த தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். 1952-இல் அங்கு ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் பொறி இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய பொறி அதுவே முதலாவது. முன்னர்க் கேம்பிரிட்ஜில் கிருஷ்ணனது முறையைக் கைக்கொண்ட ஷோன்பெர்க்கே, குளிர்நிலை ஆராய்ச்சிக்கு ஆலோசகராக அந்நிலையத்திற்கு வந்து உதவினார்.

அக்குளிரினால் ஆவது யாது எனின், கூறுவோம். பாதரசம் திரவ ஹீலியத்தின் குளிரில் மின்தடையை முற்றும் இழத்தலை, 1911-இல் ஹாலந்து தேசத்து லைடன் நகரிற் கண்டனர். இத்தகைய மீமின் கடத்திகள் காந்தத்தையும் உட்புகவிடாமல் விலக்கும். நாப்தலினில் அணுவளவாக உள்ள எதிர்ப்பு, இங்கு முழுமையாக உள்ளது. ஆயினும் சில உலோகக் கலவைகளில், காந்தம் மெல்லிய இழைகளாகப் பிரிந்து உள்ளே நுழையும். ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் நீர்ச்சுழி போலச் சுழலும். இதனை 1957-இல் அப்ரிகோஸாவ் என்னும் ரஷ்ய அறிஞர் கணித வாயிலாக விளக்கினார். மின்சாரம் பாயும்பொழுது இச்சுழிகள் இடம்பெயரின், ஆற்றல் வெப்பமாக வீணாகும். படிகத்தில் ஆங்காங்குள்ள சிறு குறைகளோ அவற்றைப் பற்றி அசையாது நிறுத்தும். நெய்வார்க்கு இழையில் விழும் முடிச்சு குற்றம். இங்கோ குற்றமே காவலாகிறது. மருத்துவமனைகளில் உடலினுள்ளே படம் பிடிக்கும் பெருங்காந்தங்களின் கம்பிகள், இவ்வாறு சுழிகளைப் பிணித்தே தொழிற்படுகின்றன. இது கிருஷ்ணன் கண்ட உண்மையன்று. எனினும், இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டும் குளிரை இந்நாட்டு விஞ்ஞானிகட்கு முதன்முதல் அளித்தது, அவர் தலைமையில் வளர்ந்த நிலையமே.

1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் பட்நாகர் பரிசும் அவரை நாடி வந்தன. அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே. இத்துணைச் சிறப்பிற்கிடையிலும் தந்தையார் ஊட்டிய மொழிப்பற்றை அவர் விட்டாரல்லர். வடமொழி நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். தமிழில் கட்டுரைகள் எழுதியவர். விஞ்ஞானம் கற்பார் தமிழை மறத்தலும், தமிழ் கற்பார் விஞ்ஞானத்தை அயலதென ஒதுக்குதலும் நம்மிடையே இன்றும் காணப்படும் குறைகள். இரண்டும் ஒருவர் நெஞ்சில் இனிதே குடியிருத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நண்பர்களே, தேர்வில் முதன்மை நமக்குக் கிட்டலாம். மயிரிழையில் பிறர்க்குப் போதலும் கூடும். அந்நாளில், புகழின் பேரொலியினின்று விலகி டாக்காவிற் சிறு படிகமொன்றை இழையிற் கட்டித் தொங்கவிட்டு, அது திரும்பும் திசையைக் கூர்ந்து நோக்கி நின்ற அறிஞரை நினைப்போமாக. அடுத்த வேலையை அன்புடன் தொடங்குதற்கு அந்நினைவு நமக்குத் துணைநிற்கும்.