அணுவைத் துளைத்துப் பார்த்த தச்சர் மகன்

நியூசிலாந்து என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குப் பால்மாவு டின்தான் ஞாபகம் வரும். அந்தத் தேசத்தில் பிறந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம். பெயர் எர்னஸ்ட் ரூதர்போர்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது, எடுக்கிறவர் நம்மை நிற்க வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறாரே, ஏன்? ஒரு துண்டுக் காகிதத்திலேயே நின்றுபோகும் கதிர் ஒன்று, ஈயத் தகட்டிலும் ஒரு பங்கு ஊடுருவும் கதிர் ஒன்று என்கிறார்களே, அது எப்படி? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வழி திறந்து வைத்தவர் இவர்.

1871-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி, நெல்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிறு பிள்ளையாக இருக்கும்போதே ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். வண்டிச் சக்கரம் செய்வார், மரம் அறுப்பார், பிற்பாடு நார் ஆலை வைத்தார். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் பன்னிரண்டு பேர், எர்னஸ்ட் நாலாவது. மாடு கறப்பதும் விறகு பிளப்பதும் பிள்ளைகள் வேலை. 1886-இல் இவருடைய தம்பிகள் இரண்டு பேர் படகு விபத்தில் கடலில் போய்விட்டார்கள். அந்தத் துக்கம் அந்த வீட்டை விட்டு லேசில் போகவில்லை.

படிப்பில் கெட்டி என்றாலும் எடுத்த எடுப்பில் எல்லாம் கைகூடிவிடவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போக உபகாரச் சம்பளப் பரீட்சை எழுதினார். இரண்டாம் தடவைதான் கிடைத்தது. கல்லூரிக்குப் போக எழுதியதும் அதே கதை, இரண்டாம் தடவைதான். கல்லூரி முடித்த பிறகு பள்ளி வாத்தியார் வேலை தேடினார், நிரந்தரமாகக் கிடைக்கவில்லை. 1895-இல் இங்கிலாந்து போய் ஆராய்ச்சி செய்ய ஓர் உபகாரச் சம்பளம் இருந்தது. அதுவும் முதலில் வேறொருவருக்குத்தான் போயிற்று. அவர் வேண்டாமென்று விட்டதால் இவருக்கு வந்தது. சேதி வந்தபோது தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாராம். இனிமேல் கிழங்கு தோண்டுவதில்லை என்று மண்வெட்டியை வீசி எறிந்தாராம். நடந்ததோ கட்டினதோ, அவர் ஊரில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். நல்ல நேரம் அது. அந்த வருஷக் கடைசியில்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம், 1896-இல், பாரிஸில் பெக்கரல் என்பவர் யுரேனியம் என்ற கனமான உலோகத்திலிருந்து தானாகவே ஒரு கதிர் வருவதைக் கண்டார். நெருப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பெட்டிக்குள் மூடி வைத்தாலும் வந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கதிர்கள் கண்ணுக்குத் தெரியாது. பின்னே எப்படி அளப்பது? சாதாரணக் காற்றில் மின்சாரம் ஓடாது. ஆனால் இந்தக் கதிர் பாய்ந்தால் ஓடுகிறது. காரணம் இதுதான்: எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவின் மேற்புறத்திலும் எலக்ட்ரான் என்ற மின் துகள்கள் உண்டு. கதிர் பாயும்போது வழியில் கிடக்கிற அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. பிடுங்கப்பட்ட அணுவுக்கு அயனி என்று பெயர். அயனிகள் எவ்வளவு உண்டாகின்றனவோ அவ்வளவு மின்சாரம் காற்றில் ஓடும். அதை அளந்தால் கதிரை அளந்த மாதிரி.

ரூதர்போர்டு செய்த வேலை பார்ப்பதற்கு வெகு சாதாரணம். யுரேனியப் பொடியைப் பரப்பினார். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வைத்து அளந்தார். இன்னொன்று வைத்து அளந்தார். முதல் சில தகடுகளிலேயே கதிர் மளமளவென்று குறைந்துவிட்டது. சரி, இன்னும் ரெண்டு போட்டால் தீர்ந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீரவில்லை! மிச்சமிருந்தது கொஞ்சம்தான், ஆனால் தகட்டை அடுக்கினாலும் மசியாமல் ஊடுருவியது. அப்படியானால் வருவது ஒன்றல்ல, இரண்டு. சீக்கிரம் நின்றுபோவதற்கு ஆல்பா என்றும் தூரம் போவதற்குப் பீட்டா என்றும் 1899-இல் பெயர் வைத்தார். அடுத்த வருஷம் பாரிஸில் வில்லார்டு என்பவர் இன்னும் ஆழமாகத் துளைக்கும் மூன்றாவது கதிரைக் கண்டார். 1903-இல் அதற்குக் காமா என்று பெயர் வைத்தவரும் ரூதர்போர்டுதான்.

மூன்று கதிர், மூன்று குணம்

தோட்டத்து ரோட்டிலே மூன்று வண்டி போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பா என்பது பாரம் ஏற்றிய லோரி. கனம் அதிகம், மின்னேற்றமும் இரட்டிப்பு. போகிற வழியிலுள்ள அணுவையெல்லாம் உரசி எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஆல்பா துகள் ஒன்றரை லட்சம் அணுக்கள் வரை அப்படிப் பிடுங்கிவிடும். அதனாலேயே அதன் பலம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. காற்றில் சில சென்டிமீட்டர் போகும். ஒரு காகிதம் போதும், நம் மேல்தோல் போதும், நின்றுவிடும். பீட்டா என்பது சைக்கிள். அது வேகமாக ஓடும் ஒரு எலக்ட்ரான்தான். லேசானது, அங்குமிங்கும் வளைந்து வளைந்து போகும். காற்றில் சில மீட்டர் ஓடும். சில மில்லிமீட்டர் அலுமினியம் அதை நிறுத்தும். காமாவை வண்டி என்றே சொல்ல முடியாது. அது வெளிச்சத்தின் இனம், எக்ஸ்ரேக்கு உடன்பிறப்பு. பெரும்பாலான அணுக்களைத் தொடாமலே போய்விடும். எப்போதாவது ஒன்றில் மோதும். அதனால் அதைக் குறைக்கக் கனத்த ஈயமோ தடித்த கான்கிரீட்டுச் சுவரோ வேண்டும்.

உடம்புக்குள் நடப்பதும் இதே சங்கதிதான். அணு உடைபட்டால் உயிரணுவின் உள்ளே இருக்கும் நூல் போன்ற பகுதி அறுந்துபோகலாம். உடம்பு பெரும்பாலும் அதைச் சரிசெய்துகொள்ளும். தப்பாகச் சரிசெய்தால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். டாக்டர் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேக்கு நாம் பயப்பட வேண்டாம், அதில் வரும் அளவு சிறிது. அதை எடுக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு எடுக்கிறார், அதனால்தான் தடுப்புக்குப் பின்னால் போகிறார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

1898-இல் ரூதர்போர்டு கனடாவில் மொன்றியல் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே தோரியம் என்ற பொருளை ஆராய்ந்தார். அங்கிருந்த ஓவன்ஸ் என்ற பேராசிரியர் ஒரு விசித்திரம் கண்டிருந்தார். கதவைத் திறந்து காற்று வந்தால் தோரியத்தின் கதிர் அளவு மாறியது. கதவை மூடினால் சரியாகிவிடும். என்னய்யா இது, கதிர் காற்றில் பறக்குமா? ரூதர்போர்டு விடவில்லை. தோரியத்திலிருந்து ஒரு வாயு கிளம்புகிறது, அந்த வாயுவும் கதிர் வீசுகிறது என்று கண்டுபிடித்தார். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் பலம் பாதி பாதியாகக் குறைந்தது. இன்றைக்கு அரை ஆயுள் என்று சொல்கிறோமே, அது இங்கேதான் பிறந்தது.

தோரியம் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. அந்தக் காலத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எழவு வீட்டுக்கும் கேஸ் லைட்டு ஏற்றுவார்களே, அதில் கட்டும் வெள்ளை மேண்டிலில் இருந்தது பெரும்பாலும் தோரியம்தான். அதற்கான மணல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பது 1909-இல் தெரியவந்தது. நம் நாட்டு ஈய லம்பங்களில் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் அமாங் மணலிலும் அது உண்டு. பேராக்கில் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982-இல் ஓர் ஆலை தொடங்கி, இந்த மணலிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தார்கள். கழிவாக மிஞ்சியது தோரியம். அக்கம் பக்கத்து மக்கள் 1985-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு வருஷம் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. தோலிலேயே நின்றுவிடும் ஆல்பாவுக்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். வெளியே இருக்கும் வரைக்கும்தான் தோல் காவல். தூசியாக, வாயுவாக மூச்சோடு உள்ளே போய்விட்டால் நுரையீரலுக்குத் தோல் ஏது? லோரி கூடத்துக்குள்ளேயே வந்து இடித்த கதைதான். ஆகவே தூசியுள்ள வேலையில் முகமூடி கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படக் கூடாது.

மொன்றியலில் சோடி என்ற இளைஞரோடு சேர்ந்து இன்னொன்றும் கண்டார். கதிர் வீசும் அணு அப்படியே இருப்பதில்லை, வேறு பொருளின் அணுவாக மாறிவிடுகிறது. ரசவாதம் என்று சித்தர் கதைகளில் கேட்டிருப்போம். இயற்கை அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இந்த வேலைக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ரசாயனத்துக்கு! மனிதரோ பௌதிகக்காரர். அவருக்கே அது சிரிப்பாக இருந்தது.

பட்டுத் திரும்பிய துகள்

அதற்குள் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வந்துவிட்டார். ஆல்பா என்பது ஹீலியம் அணுவின் உட்பகுதிதான் என்று அங்கே நிரூபித்தார். பிறகு 1909-இல், உதவியாளர் கைகரையும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனையும் ஒரு வேலையில் விட்டார். தங்கம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மெல்லிய தகட்டில் ஆல்பாவை விட வேண்டும். எதிர்ப்பக்கம் ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். துகள் பட்ட இடத்தில் திரையில் ஒரு சிறு மினுக்கு தெரியும், அவ்வளவுதான். இருட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, அதன் பிறகு மினுக்கு மினுக்காக எண்ண வேண்டும். ரூதர்போர்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கைகருக்கு இருந்தது.

ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது. கொசுவலையைப் பார்த்து எறிந்த கல் எறிந்தவன் மேலேயே வந்து விழுந்த மாதிரி! ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்து 1911-இல் காரணம் சொன்னார். அணு பெரும்பாலும் வெற்றிடம். அதன் கனம் முழுவதும் நடுவிலே ஒரு சிறு கருவுக்குள் அடங்கியிருக்கிறது. தோட்டத்துப் பந்துத் திடல் அளவுக்கு அணு இருந்தால், கரு நடுவில் கிடக்கும் ஒரு மிளகு அளவுதான். ஆல்பா அந்த மிளகுக்கு வெகு பக்கத்தில் போனால்தான் திரும்பும்.

முதல் உலகப் போர் அவர் கூட்டத்தைக் கலைத்தது. அவருடைய அருமை மாணவர் மோஸ்லி 1915-இல் கலிபோலிப் போர்முனையில் மாண்டார். ஆய்வுக்கூடம் காலியாகிக் கிடந்த அந்த நாட்களில் வில்லியம் கே என்ற ஆய்வுக்கூடப் பணியாளரை வைத்துக்கொண்டுதான் அடுத்த பெரிய வேலையைச் செய்தார். நைட்ரஜன் வாயுவில் ஆல்பாவை மோதவிட்டு, அதன் கருவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தார். மனிதன் கையால் முதன்முதலாக ஓர் அணுக்கரு மாற்றப்பட்டது, 1919-இல் அது வெளியாயிற்று. உலகம் ரூதர்போர்டை அறியும். மினுக்குகளை எண்ணிக் கொடுத்த கேயை எத்தனை பேர் அறிவார்கள்? தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அதே வருஷம் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். கருவுக்குள் மின்னேற்றமே இல்லாத துகளும் இருக்க வேண்டும் என்று சொல்லி வந்தார். 1932-இல் அவருடைய மாணவர் சாட்விக் அதைக் கண்டார். அதுதான் நியூட்ரான். மின்னேற்றம் இல்லாததால் அது ஈயத்தையும் லட்சியம் செய்யாது. தண்ணீரும் மெழுகும்தான் அதன் வேகத்தை அடக்கும், அவற்றில் அதற்குச் சமமான எடையுள்ள ஹைட்ரஜன் நிறைய இருப்பதால்.

1930-இல் ஒரே மகள் ஐலீன் நாலு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். மறு வருஷத் தொடக்கத்தில் பிரபுப் பட்டம் வந்தது. பட்டத்தோடு தம் ஊர் நெல்சன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த தாயாருக்குத் தந்தி அடித்து, இந்தப் பெருமை என்னைவிட உங்களுக்குத்தான் என்று தெரிவித்தார். 1933-இல் ஹிட்லர் யூத விஞ்ஞானிகளை வேலையை விட்டுத் துரத்தியபோது, அவர்களுக்கு உதவ இங்கிலாந்தில் அமைந்த சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். பணம் திரட்டினார், இடம் தேடிக் கொடுத்தார்.

மேரி கியூரி அம்மையார் 1934-இல் ரத்தம் ஊறாத நோயால் இறந்தார். பல காலம் கதிர்களோடு பழகியதே காரணம் என்று கருதப்படுகிறது. ரூதர்போர்டைக் கொண்டுபோனது கதிர் அல்ல, குடலிறக்கம். செம்பனைக் குலை தூக்குகிறவர்களுக்கு அந்த வேதனை தெரியும். இவருக்கு வெகு நாளாகச் சிறிய அளவில் இருந்தது. திடீரென்று குடல் சிக்கிக்கொண்டது. அறுவை செய்தும் பலிக்கவில்லை. 1937 அக்டோபர் 19-ஆம் தேதி, 66-ஆம் வயதில் காலமானார். அவருடைய அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டது. 1997-இல் 104-ஆம் தனிமத்துக்கு ரூதர்போர்டியம் என்ற பெயர் உறுதியாயிற்று. நியூசிலாந்தின் நூறு டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.