பியாட்ரிஸ் ஷில்லிங்: சிறு துளையில் ஒரு பெரிய விடை

மோட்டார் சைக்கிளும் இயந்திரமும் ஆண்களுக்கே உரியவை என்று எண்ணுபவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவியான என்னிடம் இதைக் கேட்காத உறவினர்கள் குறைவு. அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங்.

1909-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த இவர், 14 வயதிலேயே சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திரத்தைக் கற்றார். 1932-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் இயந்திரப் பொறியியலில் முதுகலையும் முடித்தார். 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் தமது 500 சிசி நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வென்றார்.

1936-இல் ஃபார்ன்பரோவிலுள்ள அரச விமான ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே, அவருக்கு நன்கு பழக்கமான கார்புரேட்டரே பெரும் சிக்கலாக வந்து நின்றது.

பந்தய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணமும் மிதவையும் உண்டு. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழுந்து வழியை அடைக்கும், குறைந்தால் திறந்துவிடும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களின் மெர்லின் இயந்திரத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது பெட்ரோல் கிண்ணத்தின் மேற்புறம் ஏறிவிடும், இயந்திரம் தடுமாறும். அடுத்து மிதவை தவறாக வழியைத் திறக்க, பம்பு தள்ளும் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து இயந்திரத்தைத் திணறடிக்கும். ஜெர்மானிய மெசர்ஷ்மிட் விமானங்களில் பெட்ரோல் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1940-இல் வானில் போரிட்ட பிரிட்டிஷ் விமானிகளுக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

புதிய கார்புரேட்டர் உருவாகும்வரை போர் காத்திருக்குமா? ஷில்லிங் எளிய வழி ஒன்றைக் கண்டார். நடுவில் துளையிட்ட சிறிய பித்தளைத் துண்டை எரிபொருள் குழாயில் பொருத்தினார். இயந்திரம் முழு வேகத்தில் ஓடத் தேவையான அளவே பெட்ரோல் செல்லுமாறு அத்துளையைக் கணக்கிட்டார். முதல் தடுமாற்றம் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் ஆபத்தான வெள்ளம் நின்றது. விமானங்களைச் சேவையிலிருந்து நிறுத்தாமலேயே இதைப் பொருத்த முடிந்தது. 1941-இல் அவரது குழு ஒவ்வொரு விமானத் தளமாகச் சென்று இவ்வேலையைச் செய்தது. அவர் தம் நார்ட்டனிலேயே சென்றார்!

பின்னாளில் மேம்பட்ட கார்புரேட்டர்கள் வந்தன. அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது. 1969 வரை அதே ஆய்வகத்தில் உழைத்தவர், 1990-இல் மறைந்தார்.

விரிவுரை மண்டபத்துக் கணக்கும் பட்டறைக் கைப்பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால்தான் அந்தச் சிறு துளை பிறந்தது என்பது என் எண்ணம். பொறியியல் துறைக்கு வரத் தயங்கும் தங்கைகளே, தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. பட்டறைக்கும் வாருங்கள். கையில் எண்ணெய்க் கறை படிந்தால் கழுவிக்கொள்ளலாம்.